பல் பிடுங்கும் முன் எலும்பு ஊசியைச் சொல்லுங்கள்

பலர் சொல்ல மறப்பது

பல் மருத்துவர் கேட்டால் பிரஷர் மாத்திரையைச் சொல்கிறோம், சுகர் மாத்திரையைச் சொல்கிறோம். எலும்புப்புரைக்காக ஆண்டுக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் ஸோலட்ரோனிக் அமிலமும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசியும் நினைவுக்கே வருவதில்லை. தினமும் எடுக்காததை மருந்துக் கணக்கில் யார் வைக்கிறார்கள்? வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும் இதே ரகம்தான்.

தாடைக்கு மட்டும் ஏன் ஆபத்து?

எலும்பு ஓயாமல் பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த மருந்துகள் கரைக்கும் செல்களை அடக்குவதால்தான் இடுப்பும் முதுகும் முறியாமல் தப்புகின்றன. ஆனால் பல் பிடுங்கிய குழி ஆறவும் அந்தக் கரைப்பு வேண்டும். தாடையின் மேல் இருப்பதோ மெல்லிய ஈறு. வாயில் கிருமிகளுக்கும் பஞ்சமில்லை. குழி மூடாமல் எலும்பு வெளியே தெரிந்தபடி எட்டு வாரம் கடந்தால், தாடை எலும்பு செத்துப்போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். கீழ்த்தாடையில்தான் இது அதிகம். சீழ், ஆடும் பல், கீழ் உதட்டில் மரத்துப்போன உணர்வு ஆகியவையும் அறிகுறிகள்.

பயம் எந்த அளவுக்கு?

2003-ல் அமெரிக்காவின் மயாமியைச் சேர்ந்த ராபர்ட் மார்க்ஸ் 36 நோயாளிகளைப் பற்றி எழுதியபோதுதான் இது மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு இதே ஊசிகளை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். ஆபத்து அங்கேதான் கூடுதல். எலும்புப்புரைக்கு அலெண்ட்ரோனேட், ஸோலட்ரோனிக் அமிலம் போன்றவற்றை எடுப்பவர்களில் 10,000 பேருக்கு 2 முதல் 5 பேர் என்கிறது அமெரிக்க வாய், முக அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022 அறிக்கை. இடுப்பு முறிந்து படுக்கையில் விழும் ஆபத்து இதைவிடப் பன்மடங்கு பெரியது. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மாத்திரை இருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்கட்டும்.

முதல் டோஸுக்கு முன்

பிடுங்க வேண்டிய சொத்தைப் பல்லை முதலிலேயே பிடுங்கி, புண் ஆறிய பிறகு மருந்தைத் தொடங்குவதே நல்லது. ஈறில் உரசும் பல்செட்டையும் அப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். மருந்து தொடங்கிய பின் பல் சுத்தம் செய்வதற்கும் சொத்தையை அடைப்பதற்கும் தடையில்லை. வேர் சிகிச்சையில் காப்பாற்ற முடிகிற பல்லைப் பிடுங்கச் சொல்லாதீர்கள்.

ஊசியைத் தள்ளிப்போடலாமா?

நீங்களாகக் கூடாது, டெனோசுமாபை நிச்சயமாகக் கூடாது. அலெண்ட்ரோனேட்டும் ஸோலட்ரோனிக் அமிலமும் எலும்பிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். இரண்டு வாரம் நிறுத்துவதால் பெரிதாக எதுவும் மாறாது. டெனோசுமாப் அப்படியல்ல. அதன் வேலை ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்து, அடக்கிவைத்த கரைப்பு வேகமெடுக்கும். ஊசியைத் தவறவிட்டவர்களுக்கு முதுகெலும்புகள் வரிசையாக நொறுங்கியதும் உண்டு. பல்லை எடுத்தே ஆக வேண்டுமென்றால், கடைசி ஊசி போட்டு மூன்று நான்கு மாதம் ஆன நேரத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். தேதியைப் பல் மருத்துவரும் ஊசி எழுதிக்கொடுத்த மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.