வெறும் நாண் விட்ட வில்

'இதுவும் ஒரு வில்லா?' என்று கேட்கத் தோன்றும் உருவம் அதற்கு. கோயிற் சிற்பங்களிலே இராமபிரானின் தோளில் நாம் காணும் வளைந்த வில்லுக்கும், இன்றைய போட்டி மைதானங்களிற் காணப்படும் 'கொம்பவுண்ட்' வில்லுக்கும் உறவிருப்பதாகவே தெரியாது. நடுவிலே அலுமினியத்தாலோ காபன் நாராலோ ஆன பிடித்தண்டு; அதன் மேலும் கீழும் கண்ணாடி நார்க் கலவையாலான குறுகிய தகடுகள்; தகடுகளின் நுனியிலே கிணற்றுக் கப்பியை நினைவூட்டும் சக்கரங்கள்; அவற்றைச் சுற்றியோடும் நாணும் வடங்களும். இவ்வளவும் சேர்ந்த யந்திரம் அது.

ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹொலிஸ் வில்பர் அலன் என்பவர் 1966ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கோரினார். 1969ஆம் ஆண்டின் இறுதியிலே அது வழங்கப்பட்டது. பழைய வில்லை இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். அலனுடைய வில்லிலோ, கப்பிகள் பாதி வழி சுழன்றதும் பாரம் இறங்கத் தொடங்கும். 60 இறாத்தல் வில்லொன்றில் நூற்றுக்கு 80 பங்கு குறையுமானால், குறிபார்த்து நிற்பவரின் கையிலே தங்குவது 12 இறாத்தல் மாத்திரமே. பத்து விநாடி நின்று நிதானித்து எய்யலாம்.

இச்சௌகரியத்திலேதான் அபாயமும் ஒளிந்திருக்கின்றது. கைக்குப் பாரம் குறைந்ததேயன்றித் தகடுகளிலே சேர்ந்த சக்தி எள்ளளவும் குறையவில்லை. அம்பு தொடுக்கப்பட்டிருக்கும்போது அச்சக்தியின் பெரும்பங்கை அம்பு தன்னோடு கொண்டு போய்விடும். அம்பில்லாமல் நாணை விட்டாலோ, போக்கிடமற்ற அச்சக்தி முழுவதும் தகடுகளுக்கும் கப்பிகளுக்கும் அச்சுகளுக்கும் திரும்பிப் பாய்கின்றது. தகடு பிளக்கலாம், அச்சு வளையலாம், நாண் கப்பியின் பள்ளத்தை விட்டுத் துள்ளலாம். சில வேளைகளிலே வில் முழுவதுமே சிதறி, பிடித்திருந்தவரின் முகத்திலும் முழங்கையிலும் காயம் உண்டாக்கும். பல உற்பத்தியாளர் தமது உத்தரவாதத்தில் இவ்வகைச் சேதத்தைச் சேர்ப்பதேயில்லை.

இவ்விபத்துக்குப் பெரும்பாலும் காரணமாவது வில்லை அறியாத கைதான். வீட்டுக்கு வந்த விருந்தினர் சுவரிலே தொங்கும் வில்லைக் கண்டு, 'எவ்வளவு பாரம் பார்ப்போமே' என்று இழுப்பார், விரல் வழுகும். பிள்ளைகள் உள்ள வீட்டிலே இதனைத் துப்பாக்கியைப் போலவே பூட்டி வைக்கவேண்டும் என்பது எமது அபிப்பிராயம். ஆயினும் பழகியவர்க்கும் இது நேர்வதுண்டு. அம்பின் அடியிலுள்ள பிளாஸ்டிக் கவ்வி வெடித்திருந்தாலோ, நாணிலே 'டிக்' என்று சரியாக அமராதிருந்தாலோ, நாண் அம்பை விட்டுத் தனியே பாயும். நாணின் நடுவே கட்டிய சிறு கயிற்றுக் கண்ணியைத்தான் 'றிலீஸ்' எனும் விடுகருவி கொளுவி இழுக்கும். அக்கண்ணி தேய்ந்து அறுந்தாலும், இழுக்கும்போதே விரல் விசையைத் தொட்டுவிட்டாலும் வில் எதிர்பாராத கணத்தில் விடுபடும். பின்னோக்கி இழுத்த கை தன் முகத்தையே குத்துவதும் உண்டு. அளவுக்கு மிஞ்சி இலேசான அம்பும் ஏறக்குறைய வெறும் நாணுக்குச் சமம். ஓர் இறாத்தல் பாரத்துக்கு 5 கிறேன் என்பது பொதுவான கீழ்வரம்பு. 60 இறாத்தல் வில்லுக்கு 300 கிறேன், அதாவது ஏறக்குறைய 19 கிராம் எடையுள்ள அம்பேனும் வேண்டும்.

சரி, வெறும் நாண் விட்டாயிற்று; இனிச் செய்வது யாது? 'ஒன்றும் ஆகவில்லையே' என்று மறுபடியும் இழுத்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் காரியம். அதனைச் செய்யலாகாது. முதல் அதிர்ச்சியிலே மயிரிழையாய்க் கீறிய தகடு இரண்டாம் இழுப்பிலேதான் பிளக்கும். வில்லை முகத்தருகே கொண்டு போகாமற் கீழே வைத்து, பஞ்சுத் துண்டொன்றை எடுத்துத் தகடுகளின் ஓரமாக மெல்லத் தடவவேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறல் பஞ்சின் இழையைப் பற்றிக்கொள்ளும். எத்தனையோ விலையுயர்ந்த துணைக்கருவிகள் விற்கப்படுகின்றன. ஆனால் அவற்றுள் எதுவும் இந்தப் பஞ்சுக்கு ஈடாகாது என்பேன். பின்னர் கப்பிகளைப் பின்புறமிருந்து நோக்கவேண்டும்: சாய்ந்திருக்கின்றனவா, பள்ளத்தின் விளிம்பு நெளிந்திருக்கின்றதா, நாணின் நுனி வளையங்களிலே இழை அறுந்திருக்கின்றதா என்று.

நாண் கப்பியை விட்டு விலகியிருந்தால், அதனைத் திருகாணி கொண்டு நெம்பி ஏற்ற முயல்வது பேராபத்து. நாணை வெட்டிவிடுவது அதனினும் கொடியது. இழுக்காத நிலையிலும் இவ்வில்லின் தகடுகள் பெரும் இறுக்கத்திலே இருக்கின்றன. வெட்டிய கணமே அனைத்தும் துள்ளி எழும். 'போ பிறெஸ்' எனும் அழுத்துகருவியிலே வைத்துத் தகடுகளை ஒருசேர வளைத்த பின்னரே நாணைத் தொடலாம். அக்கருவியும் பழகிய கையும் உள்ள கடைக்குக் கொண்டு போவதுதான் புத்தி. தகட்டைப் பிடித்தண்டோடு இறுக்கும் பெரிய ஆணிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பாரத்தைக் குறைப்பதற்காக அவற்றைத் தளர்த்தலாம். எத்தனை சுற்று என்று உற்பத்தியாளர் கூறிய எல்லையைத் தாண்டினால் தகடு தன் இருப்பிடத்தை விட்டே கழன்று வரும்.

வில்லை மட்டுமே கவனித்து அம்பை மறப்போர் பலர். காபன் அம்பு இரும்பிலோ மற்றோர் அம்பிலோ மோதினால் உள்ளே கீறிவிடும். வெளியே வடுவும் தெரியாது. மீண்டும் எய்யும்போது அது சிதறி, அதன் நார்கள் வில்லைப் பிடித்த இடக்கையிலே ஊசிகளாய் ஏறும். ஆகவே அம்பின் இரு முனைகளையும் பிடித்து, முகத்துக்கு அப்பால் நீட்டி, சற்றே வளைத்துக் காது கொடுக்கவேண்டும். நொறுங்கும் ஓசை சிறிதேனும் கேட்டால் அவ்வம்பை முறித்து எறிந்துவிடுவதே முறை. முறிக்காமல் எறிந்தால் வேறொருவர் பொறுக்கி எய்வார்.

யந்திரம் முன்கூட்டியே அறிவிக்கும் அடையாளங்களும் உண்டு. நாணிலே பொருத்திய துளைக்கண் சற்றே திரும்பி நிற்கும்; வழக்கமாக ஒரே இடத்திற் சேரும் அம்புகள் மேலும் கீழுமாய்ப் பிரியும்; எய்யும் ஓசை மாறும். வடம் கப்பியிலே எவ்விடத்திற் பதிகின்றது என்பதை மையினாற் குறித்து வைக்கும் வில்லாளர் இலகுவாக உண்மையை அறிவர்: குறி நகர்ந்திருந்தால் நாணோ வடமோ நீண்டிருக்கின்றது. வெயிலிலே மூடிய மோட்டார் வண்டிக்குள் விட்டுச்செல்லும் வில்லுக்கு இந்நோய் விரைவில் வரும்.

போட்டி மைதானத்திலே இவை யாவும் விநாடிக் கணக்காகி விடுகின்றன. சர்வதேசப் போட்டிகளில் கொம்பவுண்ட் வில்லாளர் 50 மீற்றர் தூரத்திலிருந்து, 8 சென்ரிமீற்றர் அகலமேயுள்ள பத்துப் புள்ளி வட்டத்தை நோக்கி எய்கின்றனர். ஒருவருக்கொருவர் மோதும் ஆட்டத்திலே தலா 15 அம்புகள். மாறி மாறி எய்யும்போது ஓர் அம்புக்கு 20 விநாடி. கண்ணி அறுந்தாலும் நாண் கழன்றாலும் மேலதிக நேரம் கிடையாது; தனக்குரிய விநாடிகளுக்குள்ளேயே பழுதைச் சரிசெய்யவேண்டும், அல்லது மாற்று வில்லை எடுக்கவேண்டும். ஆதலால் முன்னணி வீரர் முதல் வில்லைப் போலவே அணுவணுவாய்ச் சீர்செய்த இரண்டாம் வில்லொன்றை அருகிலே நிறுத்தி வைக்கின்றனர். 2028ஆம் ஆண்டின் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலே, ஆணும் பெண்ணும் இணைந்த அணிப் போட்டியாக, இவ்வகை வில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

கடையிலிருந்து புது நாண் ஏறி வந்த வில்லும் உடனே போட்டிக்கு உதவாது. புது இழைகள் இழுபட்டுத் தம் நிலைக்கு வரும்வரை துளைக்கண் திரும்பிக்கொண்டேயிருக்கும். மையிட்ட குறிகளும் இடம் மாறும். நூறு அம்பளவு அருகிலிருந்து எய்து, கப்பிகள் இரண்டும் ஒருசேர நிற்கின்றனவா என்று மறுபடியும் பார்த்த பின்னரே குறிக்கருவியைத் திருத்தத் தொடங்குவர்.