திரும்பி வரும் பில்லுக்கு என்ன விலை?

ஒரு பில்லைப் பாஸ் செய்ய எவ்வளவு செலவாகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகளில் பதில் வராது. நூலோ இரும்போ, வாங்கும் பொருளின் விலையைப் பைசா சுத்தமாகச் சொல்வார்கள். அந்தப் பொருளுக்கான காகிதம் பர்சேஸ், ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ் என்று அலையும் செலவு மட்டும் 'நிர்வாகச் செலவு' என்ற ஒற்றை வரிக்குள் போய்விடும்.

அந்த வரியைப் பிரித்துப் பார்க்க உதவுபவைதான் வேலை நடக்கும் விதத்தை வரைபடமாக்கும் மென்பொருள்கள். பிசாகி, ஏரிஸ் போன்றவற்றில் வரைவதோடு நிற்காமல் ஓட்டியும் பார்க்கலாம். கட்டம் என்றால் ஒரு வேலை. சாய்சதுரம் என்றால் வழி பிரியும் இடம். பி.பி.எம்.என். எனப்படும் இந்தக் குறியீட்டு முறை 2013-இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பிடிக்கும் நேரம், அதைச் செய்பவரின் ஒரு நிமிடச் செலவு, பிரியும் இடத்தில் நூற்றுக்கு எத்தனை எந்தப் பக்கம் போகிறது ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். ஆயிரம் பில்களைக் கணினிக்குள் ஓடவிட்டுச் செலவைச் சொல்லிவிடும்.

நிமிடச் செலவைப் போடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். செலவுக் கணக்கியல் வல்லுநர்களான ராபர்ட் கப்லானும் ஸ்டீவன் ஆண்டர்சனும் 2004-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் இதற்கு நேரடியான வழி ஒன்றைச் சொன்னார்கள். அதுவரை ஊழியர்களிடம், 'எந்த வேலைக்கு உங்கள் நேரத்தில் எத்தனை சதவீதம் போகிறது' என்று கேட்டு எழுதி வாங்குவது வழக்கம். கூட்டினால் எப்போதும் நூறு வரும்; சும்மா இருந்த நேரத்தை யாரும் எழுதுவதில்லை. அவர்கள் காட்டிய உதாரணத்தில் 28 பேர் கொண்ட ஒரு பிரிவுக்கு மூன்று மாதச் செலவு 5,60,000 டாலர். பழைய கணக்கில் ஓர் ஆர்டரைக் கையாள 8 டாலர் ஆனது. உண்மையில் உழைக்கக் கிடைக்கும் நேரம் சுமார் 80 சதவீதம்தான் என்று வைத்து, 7,00,000 நிமிடங்களால் செலவை வகுத்தால் நிமிடத்துக்கு 80 சென்ட். ஓர் ஆர்டருக்கு 8 நிமிடம் என்றால் 6.40 டாலர்தான். மிச்சம், பயன்படாமல் கிடந்த நேரத்தின் விலை.

இதை நம் ஊர்க் கணக்குக்குக் கொண்டுவருவோம். பில் பார்க்கும் ஒருவருக்குச் சம்பளம், இடம், கணினி எல்லாம் சேர்த்து மாதம் 28,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம். அதில் 80 சதவீதம் 9,600 நிமிடம். ஆக, நிமிடத்துக்கு 3 ரூபாய். சிக்கல் இல்லாத பில்லுக்கு 10 நிமிடம், 30 ரூபாய். ஐந்தில் ஒரு பில் மட்டும் அளவோ விலையோ ஒத்துப்போகாமல் திரும்பி, இன்னும் ஒரு மணி நேரம் தின்கிறது என்று வையுங்கள். சராசரிச் செலவு 66 ரூபாய்க்கு ஏறிவிடும். பாதிக்கு மேல் அந்த ஐந்தில் ஒன்றால் வந்தது!

அதனால்தான் சொல்கிறேன்: செலவைக் கட்டங்களுக்குள் தேடுவதைவிட, பின்னோக்கித் திரும்பும் அம்புக்குறிகளில் தேட வேண்டும். 1980-களில் ஃபோர்டு நிறுவனம் இதை நேரில் கண்டது. வட அமெரிக்காவில் பில்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கணினி போட்டு 20 சதவீதம் குறைக்கலாம் என்பது முதல் திட்டம். இன்னொரு கார் கம்பெனியான மாஸ்டாவைப் பார்த்தால் அங்கே அதே வேலைக்கு ஐந்தே பேர். கம்பெனியின் அளவு வித்தியாசத்தைக் கழித்தாலும் இடைவெளி மிகப் பெரியது. கொள்முதல் ஆணை, சரக்கு வந்த ரசீது, பில் மூன்றிலும் 14 விவரங்கள் பொருந்த வேண்டியிருந்தது. பொருந்தாதவற்றைத் துரத்துவதிலேயே ஊழியர்களின் நேரத்தில் பெரும்பகுதி கரைந்தது. ஃபோர்டு கடைசியில் பில்லையே எடுத்துவிட்டது. சரக்கு வாசலுக்கு வந்ததும் ஆணையோடு மூன்று விவரங்களை மட்டும் கணினி ஒப்பிடும். சரியென்றால் காசோலை தயார். பிரிவின் ஆட்கள் 75 சதவீதம் குறைந்ததாக நிர்வாகவியல் அறிஞர் மைக்கேல் ஹேமர் 1990-இல் எழுதினார்.

அந்த 75 சதவீதம்தான் ஊழியர்களைப் பயமுறுத்துகிறது. ஆளைக் குறைக்கத்தான் படம் வரைகிறார்கள் என்று தெரிந்தால், திரும்பி வரும் பில்லைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? நேர்கோடாக ஒரு வழியைச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆகவே நேரத்தைக் கேட்டு எழுதாதீர்கள், கூட உட்கார்ந்து பாருங்கள். சராசரியை விசாரிப்பதைவிட, நேற்று வந்ததில் எத்தனை திரும்பின என்று கேளுங்கள். கணினிப் பதிவுகளிலிருந்தே வரைபடத்தை எடுக்கும் மென்பொருள்களும் இப்போது இருக்கின்றன. ஆனால் ஸ்டோர்ஸுக்குப் போட்ட நான்கு போன் அழைப்புகள் எந்தப் பதிவிலும் இருக்காது.

இன்னொரு செலவு இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாருமே போடுவதில்லை. பில் மேஜையில் 12 நாள் கிடந்தால் மென்பொருளின் கூலிக் கணக்கில் ஒரு பைசாவும் ஏறாது, அந்த நாட்களில் யாரும் அதைத் தொடவில்லை அல்லவா? ஆனால் 10 லட்ச ரூபாய்ப் பில், 12 சதவீத வட்டி என்றால், அந்த 12 நாளுக்கு ஏறத்தாழ 3,945 ரூபாய். மேலே பார்த்த 66 ரூபாயைப் போல அறுபது மடங்கு. இதைச் சுமப்பவர் பொருள் கொடுத்த சின்ன சப்ளையர். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு பட்டை ஒதுக்கும் வரைபடத்தில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் உள்ளே ஒன்றும் எழுதாத ஒரு வெற்றுப் பட்டை.

குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. கேட்க உரிமை இருந்தும், அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று வாய் மூடி இருப்பவர்கள் ஏராளம்.

வரைபடம் போட உட்காரும் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வெற்றுப் பட்டைக்குள் சப்ளையர் காத்திருக்கும் நாட்களை எழுதுங்கள். அதற்கான வட்டியை உங்கள் செலவாகவே கணக்கில் சேருங்கள். எந்த வழியை முதலில் திருத்த வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.