துரத்தியவர் போன பின்னும் ஓடும் கால்கள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், தெற்கே அமெரிக்க எல்லையை நெருங்கும் இடத்தில் லெத்பிரிட்ஜ் நகரம் இருக்கிறது. ஓல்டுமேன் ஆறு புல்வெளியை ஆழமாக அறுத்துக்கொண்டு போகும் ஊர். ஆற்றின் மேற்குக் கரையில் 1967இல் தொடங்கப்பட்ட லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்டாயிரத்துச் சொச்சம் மாணவர்கள் படிக்கிறார்கள். டொரண்டோ, வான்கூவர் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். கூடைப்பந்து, கால்பந்து, நீச்சல், தடகளம், பெண்கள் ரக்பி என இங்குள்ள அணிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: பிராங்ஹார்ன்ஸ். சுற்றியிருக்கும் புல்வெளியில் மேயும் ஒரு விலங்கின் பெயர் அது.

வேகம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இந்தச் சிறிய பல்கலைக்கழகத்தை ஒட்டியே இரண்டு விடைகள் கிடைக்கின்றன. முதல் விடை அணியின் பெயரைத் தந்த விலங்கிடம் இருக்கிறது. இரண்டாவது, அதே ஊரின் ஐஸ் ஹாக்கி அரங்கில், ஆட்டம் பார்க்க வந்த ஒருவரின் கண்ணில் பட்டது.

பிராங்ஹார்ன் பார்ப்பதற்கு மான் போல இருக்கும். ஆனால் அது மானும் இல்லை, ஆப்பிரிக்காவின் ஆன்டிலோப் வகையும் இல்லை. தன் குடும்பத்தில் இன்று உயிரோடு எஞ்சியிருக்கும் ஒரே இனம் அது. உயிரினங்களின் உறவுமுறையில் அதற்கு மிக அருகில் நிற்பது ஒட்டகச்சிவிங்கி. ஓட ஆரம்பித்தால் மணிக்கு கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். சிவிங்கிப்புலியும் அந்த வேகத்தைத் தாண்டும். ஆனால் சில நூறு மீட்டர் தூரத்திலேயே களைத்து நின்றுவிடும். பிராங்ஹார்ன் நிற்காது. 11 கிலோமீட்டரைப் பத்தே நிமிடத்தில் கடந்துவிடும் இதன் ஓட்டம் உடலியல் ஆய்வாளர்களை வெகுகாலம் குழப்பியது.

இதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கலாம். மற்ற விலங்குகளைவிடக் குறைந்த ஆற்றலில் ஓடும் சிக்கனம் அதன் கால்களுக்கு இருக்கலாம். அல்லது தசைகளுக்கு ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கும் திறன் அசாதாரணமாக இருக்கலாம். ஸ்டான் லிண்ட்ஸ்டெட்டும் அவரது குழுவினரும் பிராங்ஹார்ன்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு, அவை உள்ளிழுக்கும் ஆக்சிஜனை அளந்து, 1991இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். கால்களில் சிக்கனம் ஏதும் இல்லை. ஆனால் அதே எடையுள்ள ஒரு பாலூட்டியால் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று கணக்கு சொல்கிறதோ, அதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகமாக இது பயன்படுத்துகிறது. இதற்கென்று புதுமையான உறுப்பு எதுவும் அதனிடம் இல்லை என்பதுதான் என்னை மிகவும் வியக்கவைத்த பகுதி. ஓர் ஆட்டிடம் இருக்கும் அதே நுரையீரல், அதே இதயம், அதே ரத்தம், அதே தசைதான். ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் பெரியதாகவோ, கொஞ்சம் செறிவானதாகவோ இருக்கிறது. எந்தப் படியிலும் தடங்கல் இல்லாததால் மொத்தமும் சேர்ந்து அந்த ஓட்டத்தைத் தருகிறது.

சரி, இவ்வளவு வேகம் எதற்கு? வட அமெரிக்காவில் இன்று வளர்ந்த பிராங்ஹார்னை ஓடிப் பிடிக்கக்கூடிய விலங்கு எதுவும் இல்லை. ஓநாய் மணிக்கு 60 கிலோமீட்டர் அளவில்தான் ஓடும். கயோட்டி என்னும் சிறிய ஓநாயினம் குட்டிகளைக் கவ்விக்கொண்டு போகுமே தவிர, பெரியவற்றோடு பந்தயத்துக்கு வராது. மொன்டானாவின் புல்வெளியில் ஆண்டுக்கணக்கில் பிராங்ஹார்ன்களைக் கவனித்துவந்த உயிரியலாளர் ஜான் பையர்ஸ், 1997இல் வெளியிட்ட நூலில் ஒரு விளக்கம் தந்தார். இந்த வேகம் இன்றைய எதிரிகளுக்கானதே அல்ல என்றார் அவர். சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே அமெரிக்கச் சிவிங்கிப்புலி என்று அழைக்கப்படும் மிராசினோனிக்ஸ் வாழ்ந்தது. பூமாவுக்கு நெருங்கிய உறவான அது, நீண்ட கால்களும் ஓட்டத்துக்கேற்ற உடலும் கொண்டது. மெதுவாக ஓடியவற்றை அது போன்ற வேட்டை விலங்குகள் தலைமுறை தலைமுறையாகத் தின்று தீர்த்தன. பனியூழியின் முடிவில் வேட்டை விலங்கு அழிந்தது. அது செதுக்கிய வேகம் மட்டும் பிராங்ஹார்னின் உடலில் தங்கிவிட்டது.

இதை எல்லா ஆய்வாளர்களும் முழுதாக ஏற்றுக்கொள்வதில்லை. கிராண்ட் கேன்யன் குகைகளில் கிடைத்த எலும்புகள், அந்த அமெரிக்கச் சிவிங்கிப்புலி செங்குத்தான பாறைப்பகுதிகளிலும் வாழ்ந்தது என்று காட்டுகின்றன. அப்படியானால் அது சமவெளி ஓட்டத்தை மட்டும் நம்பி வாழ்ந்த விலங்கு இல்லை. ஆனாலும் இன்றைய எதிரிகளை மட்டும் வைத்து அந்த வேகத்தை விளக்க முடியாது என்ற பையர்ஸின் அடிப்படை வாதம் வலுவாகவே நிற்கிறது.

கடந்த காலம் தந்தது வேகம் மட்டும் அல்ல. திறந்த புல்வெளியிலேயே வளர்ந்த இனம் என்பதால், பிராங்ஹார்ன் வேலியைத் தாண்டிக் குதிக்கப் பெரும்பாலும் முயல்வதில்லை. மண்டியிட்டு, கீழ்க்கம்பிக்கு அடியில் நுழைந்து போகிறது. முள்கம்பி முதுகுத் தோலைக் கிழிக்கும். பனி குவிந்திருந்தால் நுழையவே வழியிருக்காது. தெற்கு ஆல்பர்ட்டாவில் தன்னார்வலர்கள் வேலிகளின் கீழ்க்கம்பியைக் கழற்றி, தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் முள்ளில்லாத கம்பியைக் கட்டிவருகிறார்கள்.

இரண்டாவது விடைக்கு வருவோம். 1980களின் முற்பகுதி. ரோஜர் பார்ன்ஸ்லி லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். ஒருநாள் மனைவி பவுலாவோடு, லெத்பிரிட்ஜ் பிராங்கோஸ் என்ற இளையோர் அணியின் ஹாக்கி ஆட்டம் பார்க்கப் போயிருந்தார். அரங்கில் கொடுத்த நிகழ்ச்சித் தாளில் வீரர்களின் உயரம், எடை, பிறந்த தேதி எல்லாம் அச்சாகியிருந்தன. பவுலா அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று அதே மாதங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கணவரிடம் காட்டினார். வீடு திரும்பியதும் ரோஜர் கைக்குக் கிடைத்த அணிகளின் பட்டியல்களையெல்லாம் எடுத்து எண்ணத் தொடங்கினார். 1985இல் அவர்கள் இருவரும் கஸ் தாம்சனோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, பிறந்த தேதிக்கும் விளையாட்டு வெற்றிக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறையைத் தொடங்கிவைத்த கட்டுரைகளில் ஒன்று எனலாம். தேர்ந்த வீரர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்களோ சுமார் 10 விழுக்காடுதான்.

ஜாதகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கனடாவின் ஹாக்கி அமைப்பு, சிறுவர்களை வயதுவாரியாகப் பிரிக்க ஜனவரி 1 என்ற தேதியை வைத்திருக்கிறது. ஜனவரி 2இல் பிறந்த பையனும் அதே ஆண்டு டிசம்பர் 30இல் பிறந்த பையனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். ஒன்பது, பத்து வயதில் ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம் என்பது உயரத்திலும் பலத்திலும் கண்கூடாகத் தெரியும். பயிற்சியாளர் பெரிய பையனைத் திறமைசாலி என்று எண்ணித் தேர்ந்தெடுக்கிறார். தேர்வானவனுக்கு நல்ல பயிற்சி, கூடுதல் ஆட்டங்கள், பனித்தளத்தில் கூடுதல் நேரம் கிடைக்கின்றன. நான்கைந்து ஆண்டுகள் போனால் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான். தொடக்கத்தில் தவறாக இருந்த கணிப்பு, பிறகு தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்கிறது.

பெல்ஜியம் கால்பந்து இதற்கு அசைக்க முடியாத சான்று தந்தது. அங்கே இளையோர் பிரிவுக்கான தொடக்கத் தேதி ஆகஸ்ட் 1ஆக இருந்தது. 1997இல் ஜனவரி 1க்கு மாற்றினார்கள். உடனே ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்த சிறுவர்கள் அணிகளில் பெருகினார்கள். அதுவரை சலுகை பெற்றுவந்த இலையுதிர்காலப் பிள்ளைகள் பின்னுக்குப் போனார்கள். பிள்ளைகளின் உடலில் எந்த மாற்றமும் இல்லை. அலுவலகத்தில் ஒரு தேதி மாறியது, அவ்வளவுதான்.

இங்கேதான் புல்வெளி விலங்கும் பனித்தள வீரரும் என் மனதில் ஒன்றாகச் சேர்கிறார்கள். வேகத்தைப் பார்த்ததும் அது ஓடுபவருக்கே சொந்தம் என்று நினைத்துவிடுகிறோம். பிராங்ஹார்னை வடித்தெடுத்த சல்லடை அழிந்து 12,000 ஆண்டுகள் ஆகின்றன. ஹாக்கி வீரரைச் சலித்த சல்லடையோ அவருடைய ஒன்பதாவது வயதோடு மறைந்தது. இருவர் விஷயத்திலும் சலித்தது எது என்பது வெளியே தெரிவதில்லை.

சல்லடையில் கீழே விழாமல் தப்பிய டிசம்பர்ப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? 2013இல் ராபர்ட் டீனரும் சக ஆய்வாளர்களும் வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எச்எல்லின் வீரர் தேர்வுகளை அலசினார்கள். ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்களை அணிகள், அவர்கள் பின்னர் காட்டிய ஆட்டத்தின்படி எடுத்திருக்க வேண்டிய இடத்தைவிட நாற்பது இடங்களுக்கும் மேல் தாமதித்தே எடுத்திருந்தன. தொழில்முறையில் பணத்தைக் கொட்டித் தேர்ந்தெடுப்பவர்களின் கண்ணையும் அந்தப் பழைய தேதி மறைத்திருக்கிறது.

ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் ஹாக்கி அணிக்கு நான் தரும் மதிப்புக்குக் காரணம் இதுதான். கனடாவின் பெரிய இளையோர் லீகுகளில் ஆடியவர்கள் இருபது வயதில் அங்கிருந்து வெளியேற வேண்டும். அவற்றில் ஒன்றான மேற்குக் கனடா லீகில் ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுக் கல்விக் கட்டணம் உதவித்தொகையாகக் கிடைக்கும். அதைக் கொண்டு அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வருவார்கள். அங்கே முதலாண்டு வீரருக்கு இருபத்தொரு வயது ஆகியிருக்கும். பிறந்த மாதத்தால் உடம்பில் வித்தியாசம் தெரியாத வயது. பத்து வயதிலேயே கழித்துக்கட்டப்பட்ட பையனை இந்த ஏற்பாடு மீட்டுத்தராது, உண்மைதான். ஆனால் தாமதமாக முதிர்ந்தவர்களுக்கு ஐந்தாண்டு வரை கூடுதல் காலம் தருகிறது. படிப்பையும் கைவிட வேண்டியதில்லை.

லெத்பிரிட்ஜ் இதைச் சாதித்தும் காட்டியது. 1994இல் அதன் ஆண்கள் அணி, நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களையெல்லாம் தாண்டி தேசியக் கோப்பையை வென்றது. ஒரே ஒரு பருவம் அங்கே பயிற்சியாளராக இருந்த மைக் பாப்காக், பின்னாளில் 2010, 2014 ஒலிம்பிக் போட்டிகளில் கனடாவுக்குத் தங்கம் வாங்கித்தந்தார். பெண்கள் ரக்பி அணி 2007, 2008, 2009 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேசிய வாகை சூடியது.

2020 ஏப்ரலில், மாகாண அரசு நிதியைக் குறைத்ததைக் காரணம் காட்டி, பல்கலைக்கழகம் ஆண்கள், பெண்கள் இரண்டு ஹாக்கி அணிகளையும் கலைத்துவிட்டது. பிறந்த தேதியின் விளைவு கண்டறியப்பட்ட ஊரில், தாமதமாக முதிர்ந்தவர்களுக்கான கதவு மூடப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. பனித்தளத்துக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவு பெரியதுதான். ஆனால் மூடியபின் யாரை இழந்தோம் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

இப்போது களமே மாறிக்கொண்டிருக்கிறது. கனடாவின் பெரிய இளையோர் லீகுகளில் ஆடியவர்களைத் தொழில்முறை வீரர்கள் என்று சொல்லி ஒதுக்கிவந்த அமெரிக்கக் கல்லூரிகள், 2025 ஆகஸ்ட் முதல் அவர்களுக்கு இடம் தருகின்றன. மிகச் சிறந்தவர்கள் எல்லை தாண்டிப் போவார்கள். கனடாவின் சிறிய பல்கலைக்கழக அணிகளுக்கு வருபவர்கள் யார், அவர்கள் பிறந்த மாதங்கள் எவை என்று இனிவரும் பருவங்களில் யாராவது எண்ண வேண்டும். பெரிய கருவிகள் ஏதும் தேவையில்லை. அணிப் பட்டியல்களும் பவுலா பார்ன்ஸ்லியைப்போல அவற்றைப் படிக்கும் ஒருவரும் இருந்தால் போதும்.