குளிர் அறை வடிவமைப்பாளர் என்ன படிக்கிறார்?

மண்ணிலிருந்து பிடுங்கிய பிறகும் கேரட் மூச்சு விடுகிறது. ஆக்சிஜனை இழுத்துத் தன்னிடமுள்ள சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. மூட்டைக்குள் சிக்கிய அந்த வெப்பம் சூட்டைக் கூட்டும். சூடு கூடினால் மூச்சு வேகமாகும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் மூச்சின் வேகம் ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காகிவிடும். நீலகிரியில் அறுவடையான கேரட் சமவெளிக்கு வந்த சில நாளில் துவண்டுபோவதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது. குளிர் அறை வடிவமைக்க வருபவர் இங்கிருந்துதான் படிப்பைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கம்ப்ரசர் பிறகு வரட்டும்.

இந்தத் தொழிலுக்கு வரும் வழிகள் பல. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் குளிர்பதனம், ஏ.சி. தொழிற்பிரிவு இரண்டாண்டுப் பயிற்சியாக இருக்கிறது. மெக்கானிக்கல் டிப்ளமா, பொறியியல் பட்டம், வேளாண் பொறியியல் படித்தவர்களும் வருகிறார்கள். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் உணவுப் பதப்படுத்தல் படித்தவர்கள் விளைபொருளின் பக்கமிருந்து இதே இடத்தை எட்டுகிறார்கள்.

எந்த வழியில் வந்தாலும் கை வேலை தெரிந்திருக்க வேண்டும். செம்புக் குழாயைப் பற்றவைப்பது, நைட்ரஜன் ஏற்றி ஒழுக்குப் பார்ப்பது, வெற்றிடப் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கி இழுப்பது, கேஸ் நிரப்புவது எல்லாம் ஐ.டி.ஐ. மாணவர்கள் முதலிலேயே கற்றுவிடுகிறார்கள். இதில் கை வைக்காத பட்டதாரி, தாளில் அழகான குழாய் வரைவார். கம்ப்ரசரிலிருந்து கேஸோடு கிளம்பிய எண்ணெய் அந்தக் குழாய் வழியே திரும்பி வராது. கம்ப்ரசரை நோக்கி எந்தச் சாய்வு, குழாய் மேலே ஏறும் இடத்தின் அடியில் ஏன் ஒரு வளைவு என்பதெல்லாம் பழைய மெக்கானிக்கின் பக்கத்தில் நின்றால்தான் மனதில் பதியும்.

இயந்திரத்தின் தத்துவம் எளிது. அறைக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில் குளிரூட்டி கொதித்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்துகிறது. வெளியே உள்ள கண்டன்சரில் அது வெப்பத்தைக் கொட்டிவிட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பேன்ஷன் வால்வைத் தாண்டியதும் அழுத்தம் விழுந்து மறுபடி கொதிக்கத் தயாராகிறது. ஆக, குளிர் எங்கேயும் உற்பத்தியாவதில்லை. உள்ளிருக்கும் வெப்பம் வெளியே போகிறது, அவ்வளவுதான். எவ்வளவு வெப்பம் என்று கண்டுபிடிப்பதே வடிவமைப்பாளரின் வேலை. தொழிலில் அதை லோடு கால்குலேஷன் என்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறை. சுற்றிலும், மேலும் கீழும் 100 மில்லிமீட்டர் பஃப் பேனல், அதாவது நுரை அடைத்த வெப்பக்காப்புப் பலகை. வெளியே 35 டிகிரி, உள்ளே 2 டிகிரி. சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து உள்ளே கசியும் வெப்பம் சுமார் 1.1 கிலோவாட். அதே அறையில் நாளொன்றுக்கு 5 டன் கேரட் 25 டிகிரி சூட்டில் வந்து இறங்குகிறது என்று கொள்வோம். அதை ஒரே நாளில் 2 டிகிரிக்குக் கொண்டுவர, 24 மணி நேரச் சராசரியாக 5.2 கிலோவாட் வெப்பத்தை எடுக்க வேண்டும். எவாப்பரேட்டரில் படியும் பனியை உருக்க நிறுத்தும் நேரம் போக இயந்திரம் 18 மணி நேரம்தான் ஓடும் என்றால், கேரட்டுக்கு மட்டும் சுமார் 7 கிலோவாட் தேவை. புதிதாக வருபவர்கள் சுவரின் தடிமனைப் பற்றியே கவலைப்படுவார்கள். இங்கே சுமையின் பெரும்பங்கு சரக்கோடு லாரியில் வந்து இறங்குகிறது.

அந்த 7 கிலோவாட், குளிர்பதனக்காரர்கள் சொல்லும் கணக்கில் 2 டன். ஒரு டன் என்பது 3.517 கிலோவாட், 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பத்தின் அளவு. இயந்திரம் பரவுவதற்கு முன் குளிர் என்றாலே பனிக்கட்டிதான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842இல் கட்டியதுதான் சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ். கப்பலில் அதை உருகாமல் காத்தது மரத்தூள். பஃப் பேனல் செய்யும் வேலையை அன்று அதுதான் செய்தது.

கேரட்டின் மூச்சு, மின்விசிறி மோட்டார், விளக்கு, உள்ளே வேலை செய்யும் ஆட்கள் ஆகியவற்றையும் மேற்கண்ட கணக்கில் கூட்ட வேண்டும். கதவுதான் கணக்குக்கு அடங்காதது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை மாதிரியான இடத்துக்கு அருகே அறை போடுபவர், சரக்கு ஏறி இறங்கும் நேரத்தில் கதவு எத்தனை முறை, எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதை நேரில் நின்று பார்க்க வேண்டும். எந்த மென்பொருளும் அதை ஊகித்துச் சொல்லாது. பயிற்சிக் காலத்தில் மென்பொருளைக் கடைசியில் கொடுப்பதே நல்லது. கையால் போட்டுப் பழகியவருக்குத்தான் திரையில் வரும் விடை தப்பாக இருந்தால் உறுத்தும்.

பொருளுக்குப் பொருள் குணம் மாறும். வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் தோல் கறுத்து, சரியாகப் பழுக்காது. உருளைக்கிழங்கைக் கடுங்குளிரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். வறுத்தால் சிப்ஸ் கறுக்கும். ஆப்பிள் வெளிவிடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட் கசக்கும். எல்லாவற்றையும் ஒரே அறையில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லும் தைரியமும் இந்தப் படிப்பில் சேர்த்திதான்.

ஈரப்பதம் இன்னும் நுட்பமானது. எவாப்பரேட்டருக்கும் அறைக்காற்றுக்கும் இடையே 5 டிகிரி வித்தியாசம் வைத்தால் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். சின்ன எவாப்பரேட்டராகப் போட்டுப் பணம் மிச்சம் பிடித்தால் வித்தியாசம் 10 டிகிரிக்குப் போகும். காற்றிலுள்ள ஈரம் எவாப்பரேட்டர் மேல் பனியாகப் படியும். ஈரப்பதம் 80 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். வெப்பமானியில் 2 டிகிரி சரியாகக் காட்டும், கேரட்டோ சுருங்கிப் போகும். விவசாயிக்கு இழப்பு எடையில் தெரியும். எவாப்பரேட்டரின் அளவில் சிக்கனம் பிடிப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

மைனஸ் 20 டிகிரி அறை என்றால் கட்டடமே சிக்கலாகிறது. தரைக்கு அடியில் மண்ணின் ஈரம் உறைந்து விரிந்து தரையைத் தூக்கும். அதற்குச் சூடேற்றும் கம்பியோ காற்றுக் குழாயோ பதிக்க வேண்டும். கதவு வழியே புகுந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்கும்போது உள்ளே அழுத்தம் குறையும். அழுத்தச் சமன் வால்வு இல்லாவிட்டால் கதவைத் திறக்கவே முடியாது, பேனலும் வளையலாம். உள்ளே மாட்டிக்கொண்டவர் திறக்கக் கூடிய கைப்பிடியும் அபாய மணியும் இல்லாத வரைபடத்தில் யாரும் கையெழுத்திடக் கூடாது.

குளிரூட்டிகளும் மாறிவருகின்றன. பரவலாகப் பயன்பட்ட ஆர்404ஏ, கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 3,900 மடங்கு புவியைச் சூடாக்கக் கூடியது. இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016இல் உருவான கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. இன்று படிப்பவர் அம்மோனியா, கரியமில வாயு, புரோப்பேன் ஆகியவற்றோடு பழகியாக வேண்டும். அம்மோனியா நச்சு, புரோப்பேன் தீப்பிடிக்கும் என்பதால் பாதுகாப்பு விதிகளையும் படிக்க வேண்டும். இந்தியக் குளிர்பதனப் பொறியாளர் சங்கமான இஷ்ரே நடத்தும் வகுப்புகள் வேலையில் இருப்பவர்களுக்கும் உதவும்.

அறை கட்டி முடிந்து முதல் சரக்கு ஏறும் நாளில் வடிவமைப்பாளர் அங்கே இருக்க வேண்டும். அடுக்கின் நடுவில் இருக்கும் பெட்டியில் ஒரு கேரட்டைத் துளைத்து உணரியைச் செருகி, மணிக்கு மணி வெப்பநிலையைக் குறித்து, தன் கணக்கோடு ஒப்பிட வேண்டும். 24 மணி நேரத்தில் 2 டிகிரி வராவிட்டால் பிழை காற்றோட்டத்திலா, அடுக்கிய விதத்திலா, லோடு கால்குலேஷனிலா என்று அந்தக் குறிப்புத்தான் காட்டும்.