மின்வாளின் மூடியைக் கட்டி வைக்காதீர்கள்

மாங்கேணி, காயாங்கேணி, பனிச்சங்கேணி என வாகரைப் பகுதிக் கரையோரக் கிராமங்களில், 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னரும், 2007இல் மக்கள் இடப்பெயர்விலிருந்து திரும்பிய பின்னரும் வீடுகள் புதிதாய் எழுந்தன. இன்று கூரைவேலை என்றாலே மின்வாள்தான். கைவாளால் அரைநாள் அறுத்த கைமரங்களை அது சொற்ப நேரத்தில் அறுத்துத் தருகிறது. அந்த வேகத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வேலைத்தலங்களில் அடிக்கடி காணும் ஒரு வழக்கம் எம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது. அது, வாளின் கீழ்மூடியைக் கம்பியால் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டு அறுப்பதாகும்.

கீழ்மூடி ஒரு சுருள்வில்லால் இயங்குகிறது. வாள் மரத்தில் நுழையும்போது விலகும். வெளியே வந்ததும் தானாக மூடிக்கொள்ளும். சுவிச்சை விட்ட பின்பும் வட்டத்தகடு சில விநாடிகள் சுழன்றுகொண்டே இருக்கும். அந்தச் சில விநாடிகளில்தான் தொடையும் காலும் வெட்டுப்படுகின்றன. மூடியை ஏன் கட்டுகிறார்கள்? மரத்தூளும் உப்புக்காற்றின் துருவும் சேர்ந்து அது இறுகிவிடுகிறது. வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு தூரிகையால் தட்டித் துடைத்தால் இறுகாது. வில் தளர்ந்தால் மாற்ற வேண்டும். கொந்தராத்து வேலையில் நேரமில்லை என்பார்கள். அவசரப்படுத்தும் வீட்டுக்காரருக்கும் இதில் பங்குண்டு என்பதை நாம் சொல்லியே ஆகவேண்டும். நாட்கூலித் தச்சர் ஒருவர் விரலை இழந்தால் அந்தக் குடும்பத்தின் உலை எப்படிக் கொதிக்கும்?

அடுத்தது, வாள் எகிறுதல். கைமின்வாளின் பற்கள் முன்புறத்தில் கீழிருந்து மேலாக அறுக்கின்றன. அறுத்த வாய் மூடித் தகட்டின் பின்பகுதியை நெரித்தால், வாள் மேலெழும்பி அறுப்பவரை நோக்கியே பாயும். பலகையின் இரு முனைகளுக்கும் முட்டுக் கொடுத்து நடுவில் அறுத்தால் இது நடக்கும். நடு தாழ, வாய் மூடுகிறது. வெட்டுண்ட துண்டு தடையின்றி விழும்படி முட்டு வையுங்கள். நீளவாக்கில் பிளக்கும்போது வாயில் சிறு ஆப்பொன்றைச் செருகுங்கள். தகடு மரத்துக்குக் கீழே கால் அங்குலம் தெரிந்தால் போதும். வாளுக்கு நேர் பின்னால் நில்லாமல் சற்றுப் பக்கமாக நின்று, இரு கைகளாலும் பிடியுங்கள்.

பனையில் கூடுதல் கவனம் வேண்டும். வெளியே வைரமுள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரமுள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. அவ்வகையில் பனை புல்லினம். மென்மையான உட்பகுதியில் வாள் இலகுவாக ஓடும். அதே வேகத்தில் அழுத்திக்கொண்டு போனால் மறுபக்க வைரத்தில் மோதித் துள்ளும். மழுங்கிய தகட்டால் பனையைத் தொடவே கூடாது.

கிரைண்டரில் மரம் அறுக்கும் பல்தகட்டைப் பூட்டும் பழக்கம் இதைவிடக் கொடியது. நாலங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 தடவை சுழல்கிறது; ஏழங்குல மின்வாளோ ஏறக்குறைய 5,000 தடவைதான். கிரைண்டரில் கீழ்மூடியும் இல்லை, மரத்தில் படிந்து நிற்கும் அடித்தட்டும் இல்லை. வேண்டாம் என்பதைத் தவிர இதற்கு வேறு ஆலோசனை எம்மிடம் இல்லை.

எமது மணற்பாங்கான நிலத்தில் மின்சாரமும் ஒரு தனி ஆபத்து. உலர்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே புதைத்த எர்த் கம்பியை மட்டும் நம்ப முடியாது. 230 வோல்ற் மின்சாரம் உடலில் பாய்ந்தால், 30 மில்லியம்பியர் திரிப் சுவிச் நொடிக்கும் குறைந்த நேரத்தில் அதைத் துண்டிக்கும். வேலை தொடங்குமுன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அந்த வீட்டில் வாளை இயக்காதீர்கள். நீட்டு வயரைச் சுருளாக வைத்து வேலை செய்தால் சூடேறி உருகும், முழுவதும் விரித்துவிடுங்கள். மழை பெய்து மணல் ஈரமானால் வாளை உள்ளே வையுங்கள். சாரத்தின் தொங்கலைச் செருகிக்கொள்ளுங்கள், கண்ணாடி அணியுங்கள், கையுறை மட்டும் வேண்டாம்; பல்லில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். கோப்பித்தூள், சாம்பல் எதையும் அப்ப வேண்டாம். துண்டான விரலைச் சுத்தமான நீரில் மெதுவாக அலசி, ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வையுங்கள். ஐஸ் நேரே விரலில் படக்கூடாது. 1990 இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். விரல் வைத்த பையும் காயப்பட்டவருடன் அதே வண்டியில் போகட்டும்.