மெட்ரோ ஓடுது, ஆனா விசையெல்லாம் சமம்: அது எப்படி?

இந்த வார எபிசோட், ஒரு அக்கா அனுப்பின வாய்ஸ் நோட்டுல இருந்து ஆரம்பிக்குது. அவங்க தம்பி ஏழாம் வகுப்பு படிக்கிறான். "விசைகள் சமமா இருந்தா பொருள் நிக்கும், சமமா இல்லன்னா நகரும்"னு நோட்டுல எழுதி வச்சிருக்கானாம். இது சரிதானான்னு கேட்டிருந்தாங்க.

பாதி சரி. மீதிப் பாதியைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். ஏன்னா காலேஜ் முடிச்சு வேலைக்குப் போற நம்மள்ல நிறைய பேர் இன்னமும் அந்தத் தப்பான பாதியைத்தான் நம்பிட்டு இருக்கோம். கார்ல பின்சீட்ல பெல்ட் போடாம சாய்ஞ்சு உட்கார்றோமே, அங்க அது தெரியும். அதுக்குப் பிறகு வர்றேன்.

முதல்ல, சமன் செய்யப்பட்ட விசைகள்னா என்ன? கயிறு இழுக்குற போட்டி பார்த்திருப்பீங்க. ரெண்டு பக்கமும் மூச்சைப் பிடிச்சு இழுக்குறாங்க, கயிறு அசையவே இல்லை. விசை இல்லாததால அது நிக்கல. ரெண்டு பக்கமும் ஒரே அளவு, எதிரெதிர் திசை. அதனால ஒண்ணை ஒண்ணு ரத்து பண்ணிடுது. மேசை மேல இருக்குற உங்க போனும் அப்படித்தான். 200 கிராம் போனை பூமி ஏறக்குறைய 2 நியூட்டன் விசையோட கீழே இழுக்குது. மேசை அதே 2 நியூட்டனோட மேலே தள்ளுது. மேசை எங்கங்க தள்ளுதுன்னு தோணும். போனைத் தூக்கி மெத்தை மேல வைங்க, அது லேசா அமுங்கித் தாங்குறது தெரியும். மேசையும் அமுங்குது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு.

சரி, இப்போ மெட்ரோவுக்கு வருவோம். சென்னை மெட்ரோ அதிகபட்சமா மணிக்கு 80 கிலோமீட்டர்ல போகும். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல, நேரான பாதையில, வேகம் கூடாம குறையாம போற அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் எடுத்துக்கோங்க. மோட்டார் முன்னால தள்ளுது. காத்தும் உராய்வும் அதே அளவு பின்னால இழுக்குது. கூட்டிக் கழிச்சா பூஜ்யம். அதாவது விசைகள் சமம். ஆனா ரயில் நிக்கல, 80ல ஓடுது!

இங்கதான் தம்பியோட வாக்கியம் உடையுது. விசைகள் சமமா இருந்தா பொருளோட வேகமும் திசையும் மாறாது, அவ்வளவுதான். நின்னுட்டு இருந்தா நின்னுட்டே இருக்கும். 80ல போயிட்டு இருந்தா 80லயே போகும். சமன் செய்யப்படாத விசை வந்தாத்தான் மாற்றம்: வேகம் கூடும், குறையும், இல்லன்னா திசை திரும்பும். இதைக் கண்டுபிடிக்க லேப் எதுவும் வேணாம். ரயில் கிளம்பும்போது, பிரேக் போடும்போது, வளைவுல திரும்பும்போது உங்க கை தானா கம்பியைத் தேடும். நடுவுல சும்மா நின்னு ரீல்ஸ் பார்ப்பீங்க.

அப்புறம் ஏன் நம்ம மனசு இதை ஒத்துக்க மாட்டேங்குது? கேரம் போர்டுதான் காரணம்னு சொல்வேன். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுறோம், போகுது, நின்னுடுது. "அடிச்ச விசை தீர்ந்துபோச்சு"ன்னு நினைக்கிறோம். உண்மையில விரல் விலகின நொடியே விரலோட விசை முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஸ்ட்ரைக்கர் மேல பக்கவாட்டுல வேலை செய்யுறது உராய்வு மட்டும்தான். அதுக்கு எதிரா யாரும் இல்லை, அதனால அது சமன் ஆகாத விசை; அதுதான் நிறுத்துது. பவுடர் போட்டா இன்னும் தூரம் போகுதே, நீங்க அதிகமா அடிச்சதாலயா? இல்லை, நிறுத்துற விசை குறைஞ்சதால.

நகரணும்னா தள்ளிட்டே இருக்கணும்னு அரிஸ்டாட்டிலே நினைச்சார். கலிலியோ அதைக் கேள்வி கேட்டு, 1687ல நியூட்டன் முதல் விதியா எழுதி வைக்குறதுக்கு ஏறக்குறைய 2000 வருஷம் ஆச்சு. அதனால ஏழாம் வகுப்புத் தம்பியைத் திட்டாதீங்க அக்கா. உராய்வே இல்லாத கேரம் போர்டு பார்க்கணும்னா வாயேஜர் 1 இருக்கு. 1977ல கிளம்பின விண்கலம், இன்னைக்கும் நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்துல போயிட்டு இருக்கு. பின்னாடி எந்த எஞ்சினும் அதைத் தள்ளல. ஆன்டெனாவை பூமி பக்கம் திருப்பி வைக்க மட்டும்தான் அதுல சின்ன த்ரஸ்டர்கள் வேலை செய்யுது.

இப்போ கார். மணிக்கு 50ல போறீங்கன்னா, கார் மட்டும் 50ல போகல, நீங்களும் 50ல போறீங்க. கார் எதுலயாவது மோதி நிக்குது. காரை நிறுத்தின விசை காருக்குத்தான் கிடைச்சுது, உங்களுக்கு இல்லை. யாரோ முன்னால தூக்கிப் போட்ட மாதிரி தோணும். யாரும் தள்ளல. உங்களை நிறுத்த யாரும் இல்லை, அவ்வளவுதான். அதனால முன்சீட்டோ கண்ணாடியோ நிறுத்துற வரைக்கும் அதே 50ல போவீங்க. சுமார் 10 மீட்டர் உயரத்துல இருந்து, அதாவது மூணாவது மாடியில இருந்து, விழுந்தா தரையைத் தொடும்போது இருக்குற வேகம் அது.

எப்படியும் யாராவது நிறுத்தித்தான் ஆகணும். எவ்வளவு தூரத்துல நிறுத்துறாங்கங்கிறதுதான் விஷயம். காரோட முன்பகுதி நசுங்குது, பெல்ட் கொஞ்சம் இழுபடுது. அரை மீட்டர் தூரத்துல நின்னீங்கன்னா, 60 கிலோ ஆளுக்குச் சராசரியா 12,000 நியூட்டன். கொடூரம்தான், ஆனா பெல்ட் அதை இடுப்பு, நெஞ்சு எலும்புன்னு பலமான இடங்கள்ல பரப்பிடுது. பெல்ட் இல்லாம கெட்டியான ஒண்ணுல மோதி 5 சென்டிமீட்டர்ல நின்னா? தூரம் பத்துல ஒரு பங்கு, அப்போ விசை பத்து மடங்கு. அதுவும் தலையில.

"குழந்தையை மடியில கெட்டியா பிடிச்சுக்குறேன்"னு சொல்றவங்க தயவுசெஞ்சு இந்தக் கணக்கைக் கேளுங்க. நீங்க பெல்ட் போட்டிருக்கீங்க, குழந்தை 10 கிலோ, அதே 50, அதே அரை மீட்டர். அந்தக் குழந்தையை நிறுத்த உங்க கை தர வேண்டிய விசை கிட்டத்தட்ட 2000 நியூட்டன். எட்டு 25 கிலோ அரிசி மூட்டையை ஒண்ணா தாங்குற மாதிரி. அதுவும் பத்துல ஒரு நொடி கூட இல்லாத நேரத்துல. எந்த அம்மாவாலயும் அப்பாவாலயும் முடியாது. இதுல பாசத்தோட அளவுக்கு வேலையே இல்லை. குழந்தைகளுக்கான சீட்டுதான் வழி. பின்சீட்லயும் பெல்ட் போடணும்ங்கிறது ஏற்கனவே சட்டத்துல இருக்கு. போலீஸ் பிடிக்கிறாங்களா இல்லையாங்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

தம்பிக்கு ஒரு வேலை தர்றேன். அக்கா போன்ல ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் போட்டுக்கோ. அதுல முடுக்கம் அளக்குற பகுதி இருக்கும், புவியீர்ப்பைக் கழிச்சுக் காட்டுறதைத் தேர்ந்தெடு. அடுத்த தடவை மெட்ரோவுல போகும்போது போனை ஆட்டாம பிடிச்சுக்கிட்டு, கோடு எப்போ எகிறுது, எப்போ பூஜ்யத்துக்குப் பக்கத்துல படுத்துக்குதுன்னு பாரு. ஸ்கிரீன்ஷாட் அனுப்பு, அடுத்த எபிசோட்ல பேசலாம்.