பிறந்த தேதி கடவுச்சொல் ஆகலாமா?

திருச்சிராப்பள்ளியில் கல்லூரிகள் மிகுதி. காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கத்தில் ஓய்வூதியர்கள் மிகுதி. இவ்விரு சாராருக்கும் இன்று தவிர்க்க முடியாததாகிவிட்டது மின்னஞ்சல் கணக்கு. மாணவருக்கு உதவித்தொகைத் தகவலும் தேர்வு அறிவிப்பும் அதன் வழியே வருகின்றன. ஓய்வூதியரின் வங்கிக் கணக்கும் வருமான வரிக் கணக்கும் அதனுடன் பிணைக்கப்பட்டிருக்கின்றன. வேறு எந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தாலும், அதை மாற்றுவதற்கான இணைப்பு பெரும்பாலும் அந்த அஞ்சல் பெட்டிக்கே வருகிறது. எனவே, மின்னஞ்சலைக் கைப்பற்றியவருக்கு மற்றவற்றின் வாசலும் திறந்துவிடுகிறது.

கைப்பற்றுவதற்குப் பெரிய திறமை தேவையில்லை. நுழைவுப் பக்கத்தில் ஒரு கணினி நிரல், கடவுச்சொல்லாக இருக்கக்கூடியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். 'புரூட் ஃபோர்ஸ்' எனப்படும் இம்முறையால்தான் 2017 ஜூன் மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அஞ்சல் அமைப்பு தாக்கப்பட்டது. சுமார் 9,000 கணக்குகளில் 90-க்கும் குறைவானவையே திறந்துகொண்டன. அவை எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களைக் கொண்டிருந்தவை. ஆனால், தாக்குதலைத் தடுப்பதற்காக, வெளியிலிருந்து அஞ்சலைப் பார்க்கும் வசதி உறுப்பினர்களுக்குத் தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. சிலரின் அசட்டைக்கு எல்லோரும் விலை கொடுத்தனர். பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம்.

நம் ஊரிலோ அந்த அசட்டையை நிறுவனமே செய்து கொடுத்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளைப் பார்க்கப் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் போதும். இணையத்தில் தரவிறக்கும் ஆதார் கோப்பைத் திறக்கப் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் போதும். அதே பழக்கத்தில், பல கல்வி நிறுவனங்கள் மாணவருக்கு மின்னஞ்சல் கணக்கு வழங்கும்போது வரிசை எண்ணையே பயனர் பெயராகவும், பிறந்த தேதியையே கடவுச்சொல்லாகவும் வைத்துவிடுகின்றன. 'பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்லப்படும். மாற்றுபவர் எத்தனை பேர்?

எட்டு இலக்கங்களுக்குப் பத்துக் கோடி வாய்ப்புகள் உண்டு என்பது கணக்கு. ஆனால், எழுபது ஆண்டுகளில் பிறந்த தேதிகள் சுமார் 25,500 மட்டுமே. நொடிக்கு நூறு முறை முயலும் நிரல் அவை அனைத்தையும் ஐந்து நிமிடங்களுக்குள் முடித்துவிடும். ஒரே வகுப்பு மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் பிறந்தவர்கள். 730 தேதிகள், எட்டு நொடிகள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, ஐந்து முறை தவறினால் கணக்கை முடக்குவது. இதில் இரு குறைகள் உள்ளன.

ஒரே கணக்கில் பல கடவுச்சொற்களை முயல்வதற்குப் பதிலாக, ஒரே கடவுச்சொல்லைப் பல கணக்குகளில் முயலலாம் என்பது முதலாவது. மூவாயிரம் மாணவர்கள் படிக்கும் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அவர்கள் நான்கு ஆண்டுகளில் பிறந்தவர்கள் என்றால் மொத்தம் 1,461 தேதிகள். ஏதேனும் ஒரு தேதியை எல்லா வரிசை எண்களிலும் இட்டுப் பார்த்தால், சராசரியாக இரண்டு கணக்குகள் திறக்கும். மற்றவற்றில் பதிவாவது ஒரே ஒரு தவறு. எந்தப் பூட்டும் விழாது. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கே இவ்வகைத் தாக்குதல் நேர்ந்தது. பழைய சோதனைக் கணக்கு ஒன்றின் வழியே நுழைந்தவர்கள், அதன் உயர் அதிகாரிகள் சிலரின் அஞ்சலை எட்டிவிட்டனர்.

இரண்டாவது குறை எனக்கு இன்னும் கவலை தருவது. முடக்கம் தண்டிப்பது தாக்குபவரை அல்ல, கணக்கின் உரிமையாளரை. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளில் சக மாணவர் ஒருவர் வேண்டுமென்றே ஐந்து முறை தவறாக இட்டால் போதும். எழுபது வயது ஓய்வூதியர் முடக்கத்தை நீக்கக் கோரி யாரிடம் போவார்?

கணினியின் ஐ.பி. முகவரியைத் தடுப்பதும் எளிதன்று. விடுதி முழுவதும் ஒரே முகவரியில் இயங்கக்கூடும். கைப்பேசி நிறுவனங்களும் ஏராளமான வாடிக்கையாளர்களுக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்தளிக்கின்றன. இன்னொரு நுட்பமும் உண்டு: உள்ளே இருக்கும் அஞ்சல் சர்வரின் பார்வையில், இணைய அஞ்சல் பக்கத்தின் வழியே வரும் அனைவரும் ஒரே முகவரியிலிருந்து வருபவர்கள். அங்கே தடை போட்டால் கல்லூரியே வெளியில் நிற்கும்.

தாக்குபவரின் செலவை உயர்த்துவதே சரியான வழி. மூன்று தவறுகளுக்குப் பிறகு 2 நொடி, 4 நொடி, 8 நொடி என்று காத்திருப்பை இரட்டிப்பாக்கினால், மறதிக்காரருக்கு ஒரு நிமிடம் போகும். நிரலுக்கோ பிழைப்பே போகும். எல்லாக் கணக்குகளிலும் சேர்த்து விழும் தவறுகளின் மொத்த எண்ணிக்கையைக் கவனிப்பது, மேற்சொன்ன பரவல் தாக்குதலைக் காட்டிக்கொடுக்கும். முதல் கடவுச்சொல்லைக் கணினியே குலுக்கல் முறையில் தர வேண்டும். முதல் நுழைவிலேயே அதை மாற்றாமல் மேலே செல்ல முடியாதபடி அமைக்க வேண்டும். கைப்பேசி வழியான இரண்டாம் சரிபார்ப்பும் சேர்ந்தால், கடவுச்சொல் தெரிந்தாலும் உள்ளே நுழைவது கடினம். ஆனால், கைப்பேசிச் செயலிகள் அஞ்சலை எடுக்கும் ஐமேப், பாப் வழிகளில் அந்தச் சரிபார்ப்பு இல்லையென்றால், முன்வாசலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். கூகுள் 2022-இல் தனிநபர் கணக்குகளில் இந்தக் கொல்லைக் கதவைப் பெருமளவு மூடியது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் வழக்கத்தைக் கைவிடலாம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே அதைக் கைவிடச் சொன்னது. மக்கள் 1-ஐ 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் இருப்பவர் ரங்கநாதன் என்ற பெயருடன் 620006-ஐயோ வண்டி எண்ணின் 48-ஐயோ சேர்ப்பாரானால், ஊரை அறிந்தவர் முதலில் முயல்வது அதைத்தான். முறம், தேர், கடுகு, மழை எனத் தொடர்பற்ற நான்கு சொற்கள் மேல். இங்கே அச்சாகிவிட்டதால் இந்த நான்கு இனி உதவா.

பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. பண மோசடி நேர்ந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் தரலாம். அஞ்சல் சர்வர் மீதான தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள்கள் காக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. பதிவேடு சேமிப்பில் இருக்கும். அதை வாரம் ஒருமுறையாவது திறந்து பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதைச் சேர்க்கை தொடங்கும் முன் ஒவ்வொரு கல்லூரியும் எழுத்தில் தெரிவிக்கட்டும்.